பென்டிரைவ் செருகினால் எழாத கன்ட்ரோலர்: லினக்ஸ் 6.7-இல் ஒரு ஹாட்பிளக் தேடல்

பூட் ஆகும்போதே செருகியிருந்த பென்டிரைவ் ஒழுங்காகத் தெரிகிறது. பூட் ஆகிச் சற்று நேரம் கழித்து அதே பென்டிரைவை அதே போர்ட்டில் செருகினால் ஒன்றுமே நடக்கவில்லை. ஓடும் கணினியில் இப்படிச் செருகுவதற்கு ஹாட்பிளக் என்று பெயர். அதிலுள்ள சின்ன விளக்கு எரிகிறது. ஆக, மின்சாரம் போகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பதிவைத் திறந்தால் ஒரு வரிகூட இல்லை. பிழைச் செய்தி ஏதாவது வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். இங்கே பிடிக்க ஒன்றும் இல்லை.

இந்த மேசைக் கணினியில் லினக்ஸ் 6.6 வரை இப்படி ஒரு தொல்லை இருந்ததில்லை. 2023 நவம்பரில் 6.7-இன் முதல் சோதனை வெளியீடான ஆர்சி1 வந்ததும் அதைக் கம்பைல் செய்து போட்டேன், அதிலிருந்துதான். 6.6-ஐ மறுபடி பூட் செய்தால் எல்லாம் பழையபடி. முன்பு ஓடிய ஒன்று புதிய பதிப்பில் ஓடாமல் போவதை ரிக்ரஷன் என்பார்கள். கெர்னல் உருவாக்கத்தில் மற்றப் பிழைகளைவிட இதற்கு முன்னுரிமை உண்டு. அந்த முன்னுரிமை ஏன் நியாயமானது என்பது இந்தத் தேடலில் எனக்கு மிகத் தெளிவாகப் புரிந்தது. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதி வைக்கிறேன்.

முதலில், தகவல் எங்கே நின்றுபோகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு யூஎஸ்பி சாதனத்தைச் செருகியதும் நடக்கும் வேலைகள் ஒரு சங்கிலி. போர்ட்டின் நிலைப் பதிவேட்டில் 'இணைப்பு மாறியது' என்ற பிட் எழும். யூஎஸ்பி போர்ட்டுகளை நடத்தும் சிப்பான கன்ட்ரோலர், 'கவனி' என்று கெர்னலுக்கு ஒரு இன்டரப்ட் அனுப்பும். எக்ஸ்எச்சிஐ (இன்றைய யூஎஸ்பி கன்ட்ரோலர்களுக்கான தரம்) டிரைவர் அந்த நிகழ்வை எடுத்து, கன்ட்ரோலரின் போர்ட்டுகளைக் குறிக்கும் ரூட் ஹப்பிடம் கொடுக்கும். ஹப் டிரைவர் போர்ட்டை ரீசெட் செய்து, சாதனத்துக்கு ஒரு முகவரி தந்து, அது யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். பிறகு கெர்னல் யூஈவென்ட் என்ற அறிவிப்பை வெளியே அனுப்பும். அதை, சாதன அறிவிப்புகளைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல் வாங்கிக்கொள்ளும். கடைசியில்தான் கோப்பு மேலாளரில் ஐகான் தோன்றும்.

யூடெவின் கண்காணிப்புக் கட்டளையை ஓடவிட்டேன். கெர்னல் அனுப்பும் அறிவிப்பையும் யூடெவ் அனுப்பும் அறிவிப்பையும் அது தனித்தனியாகக் காட்டும். இரண்டு பக்கமும் காலி. அந்த ஒரே சோதனையில் டெஸ்க்டாப், கோப்பு மேலாளர், யூடெவ் விதிகள் எல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கின. அடுத்து எக்ஸ்எச்சிஐ டிரைவருக்கு டைனமிக் டீபக்கை இயக்கினேன். கெர்னலை மறுபடி கம்பைல் செய்யாமல், டீபக்எஃப்எஸ்ஸில் உள்ள ஒரு கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். டிரைவர் தன் உள்விவரங்களைக் கொட்டத் தொடங்கும். எல்லாம் சரியாக இருந்தால் செருகிய கணமே போர்ட் மாற்ற நிகழ்வு பற்றிய வரி வர வேண்டும். வரவில்லை. ஆக, தகவல் டிரைவர் வரைக்குமே வந்து சேரவில்லை.

இந்த இடத்தில்தான் முதல் துப்பு. செருகிய பென்டிரைவ் தெரியாமல் இருக்கும்போது எல்எஸ்-யூஎஸ்பி கட்டளையை விரிவான விவரம் கேட்கும் தேர்வோடு ஓட்டினேன். உடனே பென்டிரைவ் தோன்றிவிட்டது! பதிவில் 'புதிய அதிவேக யூஎஸ்பி சாதனம்' என்ற வழக்கமான வரி வந்தது, ஐகானும் வந்தது. பட்டியல் கேட்டால் சாதனம் பிறக்கிறது என்றால், அந்தக் கேள்வி எதையோ எழுப்புகிறது என்று பொருள். விரிவான பட்டியலுக்காக அந்தக் கட்டளை ஒவ்வொரு ஹப்பையும் திறக்கும்; திறக்கும்போது, மின்சாரத்தை மிச்சப்படுத்த உறங்கிக்கொண்டிருக்கும் ஹப்பையும் அதன் கன்ட்ரோலரையும் கெர்னல் எழுப்பியே தீரும். எழுந்த கன்ட்ரோலர் போர்ட்டுகளைச் சுற்றிப் பார்த்து, 'இங்கே ஏதோ மாறியிருக்கிறதே' என்று கண்டுகொள்கிறது.

இரண்டாவது துப்பும் அதே திசையைக் காட்டியது. அதே கன்ட்ரோலரின் வேறொரு போர்ட்டில் கம்பி மவுஸ் ஒன்று செருகியிருந்தால் ஹாட்பிளக் பழுதில்லாமல் வேலை செய்கிறது. மவுஸுக்குத் தானியங்கி உறக்கம் இயல்பாக அனுமதிக்கப்படுவதில்லை. அது விழித்திருக்கும்வரை மேலே உள்ள ரூட் ஹப் உறங்காது, அதற்கு மேலே உள்ள கன்ட்ரோலரும் உறங்காது.

கெர்னல் சாதனங்களின் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம் சிஸ்எஃப்எஸ். அங்கே ஒவ்வொரு பிசிஐ சாதனத்தின் (கணினியின் உள் இணைப்புத் தடமான பிசிஐயில் சேர்ந்தது; யூஎஸ்பி கன்ட்ரோலரும் அதில் ஒன்று) அடைவுக்குள்ளும் பவர் என்றொரு துணை அடைவு உண்டு. அதில் ரன்டைம் ஸ்டேட்டஸ் கோப்பு சாதனம் இப்போது விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்று சொல்லும். கன்ட்ரோல் கோப்பு அது உறங்கலாமா கூடாதா என்று சொல்லும்: 'ஆன்' என்றால் எப்போதும் விழிப்பு, 'ஆட்டோ' என்றால் வேலை இல்லாதபோது உறங்கலாம். இவற்றைப் படிப்பதால் சாதனம் எழுந்துவிடாது. உறக்கம் சார்ந்த பிழைகளைத் தேடும்போது இது மிக முக்கியம். உதாரணமாக, டி3கோல்ட் என்ற, மின்சாரமே நிறுத்தப்பட்ட உறக்க நிலையில் இருக்கும் ஒரு சாதனத்தின் கான்ஃபிகரேஷன் பதிவேடுகளை எல்எஸ்-பிசிஐ கட்டளையால் படித்தால், கெர்னல் முதலில் அந்தச் சாதனத்தை எழுப்பிவிட்டுத்தான் படித்துத் தரும். அப்போது நாம் காண்பது நாமே உண்டாக்கிய நிலை.

6.7-இல் கன்ட்ரோல் கோப்பு 'ஆட்டோ' என்றது, ரன்டைம் ஸ்டேட்டஸ் 'சஸ்பென்டட்' என்றது. கோப்பில் 'ஆன்' என்று எழுதிய நொடியில் பென்டிரைவ் தோன்றியது. 6.6-இல் அதே கோப்பு இயல்பாகவே 'ஆன்' என்றது.

அடுத்து செய்த சோதனைதான் இந்தத் தேடலிலேயே எனக்கு மிகப் பிடித்தது. நன்றாக ஓடும் 6.6-இல், என் கையாலேயே 'ஆட்டோ' என்று எழுதினேன். கன்ட்ரோலர் உறங்கியது. பென்டிரைவைச் செருகினேன். மௌனம். அதே நோய், பழைய கெர்னலிலும்! இந்தப் பலகையில் (மதர்போர்டில்) இந்தக் கன்ட்ரோலர் உறங்கினால் எழுவதில்லை என்பது எப்போதுமே உண்மையாக இருந்திருக்கிறது. யாரும் அதை உறங்க விடாததால் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று எல்லாச் சாதனங்களுக்கும் 'ஆட்டோ' எழுதும் நிரல்களைப் பயன்படுத்துபவர்கள் இதைப் பல பதிப்புகளுக்கு முன்பே சந்தித்து, போர்ட் பழுது என்று நினைத்துக் கடந்து போயிருக்கக்கூடும்.

இவ்வளவு தெரிந்த பிறகும், கமிட்களை (பதிவான நிரல் மாற்றங்களை) பாதி பாதியாகக் கழித்துக் குற்றவாளியைப் பிடிக்கும் பைசெக்ட் தேவையா? தேவை என்றே முடிவு செய்தேன். 'ஏதோ ஒரு மாற்றம் இயல்புநிலையைத் திருப்பியிருக்கிறது' என்பதற்கும், 'இந்தக் கமிட், இந்த நிபந்தனையோடு, இந்தக் கன்ட்ரோலர்களுக்குத் திருப்பியது' என்பதற்கும் வெகு தூரம். பின்னதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பராமரிப்பாளர் அன்றே வேலையைத் தொடங்கலாம்.

6.6-க்கும் 6.7-ஆர்சி1-க்கும் நடுவே 15,000-க்கும் மேற்பட்ட கமிட்கள். ஒவ்வொரு சுற்றிலும் பாதி கழியும் என்பதால் சுமார் 14 சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். யூஎஸ்பி அடைவை மட்டும் தொடும் கமிட்களுக்குள் தேடச் சொல்லியும் கிட்டை (கமிட்களைப் பராமரிக்கும் கருவியை) கேட்கலாம், சுற்றுகள் குறையும். நான் அப்படிச் செய்யவில்லை. உறக்கம் சம்பந்தமான கோளாறு பிசிஐ அடித்தளத்திலும் இருக்கலாம், பலகையில் பதிந்த மென்பொருளான ஃபர்ம்வேரும் கெர்னலும் பேசிக்கொள்ளும் ஏசிபிஐயிலும் இருக்கலாம், பொதுவான பவர் மேனேஜ்மென்ட் நிரல்வரிகளிலும் இருக்கலாம். காரணம் எங்கே என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டுத் தேடுவதைவிட, இன்னும் சில முறை கம்பைல் செய்வது மேல்.

பைசெக்ட் செய்யப் போகிறவர்கள் சில விஷயங்களைத் தொடங்கும் முன்பே சரி செய்துகொள்ள வேண்டும். கம்பைல் நேரத்தைக் குறைக்க லோக்கல்மாட்கான்ஃபிக் மிக உதவும். இப்போது நினைவகத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். ஆனால் அந்த நேரத்தில் பென்டிரைவ் செருகியில்லை என்றால் யூஎஸ்பி சேமிப்பு மாட்யூல் ஏற்றப்பட்டிருக்காது, அதுவும் வெட்டுப்படும். பிறகு செய்யும் ஒவ்வொரு கெர்னலிலும் பென்டிரைவின் ஐகான் வராது, காரணமே வேறாக இருக்கும். எனவே சோதிக்கப் போகும் சாதனங்கள் எல்லாவற்றையும் செருகி, ஒருமுறை பயன்படுத்திவிட்டு, அப்புறம் அந்தக் கட்டளையை ஓட்டுங்கள். ஐகானை நம்பாமல், கெர்னல் பதிவில் 'புதிய சாதனம்' வரி வருகிறதா என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பு. அந்த வரிக்குச் சேமிப்பு மாட்யூல் தேவையில்லை.

அதைவிட முக்கியமானது 'நல்லது', 'கெட்டது' என்று எப்படித் தீர்மானிப்பது என்பது. சோதிக்கும் கன்ட்ரோலரில் வேறு எதுவும் செருகியிருக்கக் கூடாது. விசைப்பலகையையும் மவுஸையும் இன்னொரு கன்ட்ரோலருக்கு மாற்றினேன். பூட் ஆனதும் உடனே செருகக் கூடாது, கன்ட்ரோலர் இன்னும் உறங்கப் போயிருக்காது. கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, ரன்டைம் ஸ்டேட்டஸைப் படித்துக் குறித்துக்கொண்டு, பிறகு செருகி, பத்து நொடி காத்திருந்து பதிவைப் பார்ப்பது. இந்த வரிசையை ஒரு சிறிய ஷெல் நிரலாக எழுதி ஒவ்வொரு கெர்னலுக்கும் அதையே ஓட்டினேன். ஒரே ஒரு கெட்ட கெர்னலை நல்லது என்று குறித்துவிட்டால் பைசெக்ட் தயங்காமல் உங்களைச் சம்பந்தமே இல்லாத ஒரு கமிட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

புதிதாகச் செய்பவர்களைக் குழப்பும் இன்னொன்று. 6.6-க்குப் பிறகு வந்த மாற்றங்களைத்தான் தேடுகிறோம், ஆனால் நடுவில் பூட் ஆகும் கெர்னல் தன்னை 6.6-இன் ஏதோ ஓர் ஆர்சி என்று சொல்லிக்கொள்ளும். அதில் தவறு ஏதுமில்லை. யூஎஸ்பி மாற்றங்கள் யூஎஸ்பி பராமரிப்பாளரின் கிளையில் சேர்கின்றன. அந்தக் கிளை 6.6 வெளிவரும் முன்பே ஏதோ ஓர் ஆர்சியிலிருந்து பிரிந்தது. 6.7-க்கான மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் காலத்தில்தான் மூலக்கிளையில் கலந்தது. கிட் அந்தக் கிளைக்குள் இறங்கித் தேடும்போது பழைய எண் தெரிவது இயல்பு. எண்ணைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம்.

கடைசியில் வந்து நின்ற கமிட் எக்ஸ்எச்சிஐ டிரைவரின் பிசிஐ பகுதியில், சில வரிகள் மட்டுமே. அந்த டிரைவரில் ஏற்கெனவே ஒரு விதி இருந்தது: எக்ஸ்எச்சிஐ 1.2 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு என்று சொல்லும் கன்ட்ரோலர்களுக்கு ரன்டைம் உறக்கத்தை இயல்பாகவே அனுமதிக்கலாம். புதிய கமிட் அந்தத் தளர்வை ஒரு குறிப்பிட்ட தயாரிப்பாளரின் 1.1 பதிப்புக் கன்ட்ரோலர்களுக்கும் நீட்டியது. என் பலகையில் இருப்பது அந்த வகை. 6.7-ஆர்சியின் மேல் அந்த ஒரு கமிட்டை மட்டும் ரிவர்ட் செய்து, அதாவது திரும்பப் பெற்று, பூட் செய்தேன், ஹாட்பிளக் திரும்பிவிட்டது. இந்த உறுதிப்படுத்தலைச் செய்யாமல் பைசெக்ட் முடிந்தது என்று சொல்லக் கூடாது.

அந்தக் கமிட் எழுதியவரின் நோக்கம் நல்ல நோக்கம். மடிக்கணினிகளில் ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலர் வீணாக விழித்திருந்தால் அதோடு சேர்ந்து சிப்பின் மற்றப் பகுதிகளும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போக முடியாமல் பேட்டரி கரையும். 1.1 கன்ட்ரோலர்களிலும் ஒழுங்காக உறங்கி எழுபவை உண்டு. அவற்றின் உரிமையாளர்களுக்கு அந்த மாற்றம் ஒரு வரப்பிரசாதம். எல்லா 1.1-உம் அப்படி இல்லை என்பதுதான் சிக்கல்.

என்னுடையது ஏன் எழவில்லை என்று பார்த்துவிட ஆசை. டி3 என்ற உறக்க நிலையில் இருக்கும் பிசிஐ சாதனம், 'எனக்கு வேலை வந்துவிட்டது, எழுப்புங்கள்' என்று சொல்லப் பயன்படுத்துவது பிஎம்இ என்ற சிக்னல். வீட்டுக்காரர் உறங்கலாம், வாசலில் காலிங் பெல் அடித்தால் காதில் விழும் என்றால். பிஎம்இதான் அந்த பெல். போர்ட்டில் சாதனம் இணைந்ததும் கன்ட்ரோலர் முதலில் தன் பிஎம்இ நிலை பிட்டை 1 ஆக்கி, பிறகு மேலே உள்ள பிசிஐ ரூட் போர்ட்டுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அங்கிருந்து இன்டரப்டாகக் கெர்னலுக்கு வரும். சில கணினிகளில் ஏசிபிஐ வழியாகவும் வரும்.

இன்டரப்ட் எண்ணிக்கைக் கோப்பில் பிஎம்இ வரிகளைக் குறித்துக்கொண்டு பென்டிரைவைச் செருகினேன். எண்ணிக்கை நகரவில்லை. ஏசிபிஐ நிகழ்வு எண்ணிக்கைகளும் நகரவில்லை. பெல் அடிக்கவே இல்லையா, அடித்தும் கம்பி அறுந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க, டி3ஹாட்டில் (மின்சாரம் நிற்காத டி3) இருக்கும்போதே கன்ட்ரோலரின் கான்ஃபிகரேஷன் பதிவேட்டைப் படித்தேன். டி3ஹாட்டில் அது சாதனத்தை எழுப்பாமலே படிக்கக் கிடைக்கும். (போர்ட் நிலைப் பதிவேட்டை அப்படிப் படிக்க முடியாது, அது நினைவகப் பகுதியில் இருக்கிறது, டி3-இல் அங்கே நம்பத்தக்க மதிப்பு வராது.) 'டி3ஹாட்டிலிருந்து பிஎம்இ அனுப்புவேன்' என்று கன்ட்ரோலர் தன் திறன் பட்டியலில் அறிவித்திருக்கிறது. பிஎம்இ அனுமதி பிட் 1. கெர்னல் தன் வேலையைச் செய்திருக்கிறது. செருகிய பிறகும் பிஎம்இ நிலை பிட் 0-ஆகவே இருந்தது. பெல் அடிக்கவில்லை.

கெர்னலின் பிசிஐ நிரல்வரிகளில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருப்பதை இந்தச் சமயத்தில்தான் முழுதாகப் படித்தேன். சில சாதனங்கள் நிலை பிட்டை எழுப்பும், செய்தியை அனுப்பாது. சில ரூட் போர்ட்டுகள் செய்தியை வாங்கிக்கொள்ளும், இன்டரப்ட் தராது. இந்த அனுபவத்தால், உறங்கும் சாதனங்களின் பிஎம்இ நிலை பிட்டைக் கெர்னல் ஒரு நொடிக்கு ஒருமுறை தானே போய்ப் பார்த்துக்கொள்கிறது. மேலே இருக்கும் இணைப்புச் சாதனமான பிரிட்ஜும் உறங்கினால் அந்தச் சாதனத்தைத் தாண்டிப் போய்விடும். அதனால் என் கணினியில் பிரிட்ஜ் டி0-இல் விழித்திருக்கிறதா என்றும் சரிபார்த்தேன், விழித்திருந்தது. ஆக, அந்த ஒரு பிட் எழுந்திருந்தால் ஒரு நொடிக்குள் கெர்னல் கண்டுபிடித்திருக்கும். வன்பொருளை இவ்வளவு பொறுமையோடு சகித்துக்கொள்ளும் மென்பொருளைப் படிக்கும்போது, அதை எழுதியவர்கள் மேல் பெரிய மதிப்பு வருகிறது.

அப்படியானால் குற்றம் வன்பொருளுடையது அல்லது அதன் ஃபர்ம்வேருடையது. கெர்னல் சொன்னது விதிப்படி சரி. இதை வைத்து 'பயாஸைப் புதுப்பித்துக்கொள், எங்கள் நிரல்வரிகளில் தவறில்லை' என்று கதவைச் சாத்திவிடலாம். லினக்ஸ் அப்படிச் செய்வதில்லை என்பதை நான் மனதார ஆதரிக்கிறேன். நேற்று ஓடிய கணினி இன்று கெர்னலை மட்டும் மாற்றியதால் ஓடவில்லை என்றால், பொறுப்பு அந்த மாற்றத்துடையது. பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்குப் பிஎம்இ பிட் யார் பக்கம் என்பது எந்த உதவியும் செய்யாது. பல ஆண்டுப் பழைய பலகைக்குப் புதிய ஃபர்ம்வேர் வரும் என்று காத்திருக்கவும் முடியாது.

நான் தேடி முடித்தபோது அதே கமிட்டை வேறு பலரும் சுட்டிக்காட்டியிருந்தார்கள். முதலில் வந்த தீர்வு, ரிவர்ட் செய்யாமல் நிபந்தனையைக் கூர்மையாக்கியது: கணினியின் தளம் ரன்டைமில் டி3-ஐ ஆதரிக்கவில்லை என்று தெரிந்தால் அங்கே உறக்கத்தை அனுமதிக்க வேண்டாம். அந்தப் பேட்சின் (திருத்தத்தின்) விளக்கத்திலேயே, இன்டரப்ட் உருவாகாததால் ஹாட்பிளக் சாதனங்கள் கண்டறியப்படாமல் போகின்றன என்று எழுதியிருந்தது. என் மேசையில் பார்த்ததே அது. ஆனால் அதன் பிறகும் புதிய புகார்கள் வந்தன. 2023 டிசம்பரில் மூலக் கமிட்டே ரிவர்ட் செய்யப்பட்டது. ஏற்கெனவே நிலையான பதிப்புகளுக்குள்ளும் அது போய்விட்டதால், அங்கேயும் திரும்பப் பெற வேண்டும் என்று ரிவர்ட் குறிப்பிலேயே சொல்லியிருந்தார்கள்.

ரிவர்ட் வந்து சேரும்வரை எனக்கு உதவியது ஒரு யூடெவ் விதி: எக்ஸ்எச்சிஐ வகையைச் சேர்ந்த பிசிஐ சாதனம் எது தோன்றினாலும் அதன் பவர் கன்ட்ரோல் கோப்பில் 'ஆன்' எழுது. இன்னொரு வழி, யூஎஸ்பியின் தானியங்கி உறக்க நேரத்துக்குப் பூட் அளவுருவில் மைனஸ் 1 கொடுப்பது. அது எல்லாக் கன்ட்ரோலர்களிலும் எல்லா ஹப்களையும் விழிக்க வைத்துவிடும். மடிக்கணினி வைத்திருப்பவர்கள் யூடெவ் விதியில் பழுதுள்ள கன்ட்ரோலரின் அடையாள எண்ணை மட்டும் குறிப்பிடுவது நல்லது, மற்றவை தாராளமாக உறங்கட்டும்.

பின்னாளில் வந்த மாற்றங்களில் எனக்கு மகிழ்ச்சி தந்தது, 1.1 வகையில் ஒழுங்காக எழும் என்று தெரிந்த ஒரு கன்ட்ரோலரை அதன் அடையாள எண்ணைச் சொல்லி இயல்பு உறக்கத்துக்கு அனுமதித்த பேட்ச். பதிப்பு எண்ணை நம்பி எல்லோரையும் உறங்க வைப்பதற்குப் பதில், சோதித்தவற்றை மட்டும் சேர்ப்பது மெதுவான வழி, ஆனால் யாருடைய போர்ட்டும் செத்துப்போகாது. என் பலகையின் கன்ட்ரோலர் அந்த அனுமதியில் இல்லை. யூடெவ் விதியை நீக்கிவிட்டுச் சோதனை நிரலை ஓட்டினேன். கன்ட்ரோல் கோப்பு 'ஆன்' என்றது, செருகியதும் பதிவில் வரி வந்தது.